பூட்டாத கதவு
டாக்டர் பர்னார்டோவின் வாழ்க்கை வரலாறு

லண்டன் மாநகரில் ஒரு குளிர்கால இரவு. வெளியே ஊசி குத்துவதுபோல் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த இரவுப் பள்ளி முடிந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் போகவில்லை. கணப்பு அடுப்பின் அருகே ஒட்டிக்கொண்டு நின்றான். காலில் செருப்பு இல்லை. தலையில் தொப்பி இல்லை. உடம்பில் கந்தல்.

பள்ளியை நடத்திய வாலிபருக்கு வயது இருபதுக்குச் சற்று மேல். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, அம்மா தேடுவாள், வீட்டுக்குப் போ என்று சிறுவனிடம் சொன்னார். தனக்கு அம்மா இல்லை என்றான் சிறுவன். அப்பாவும் இல்லை. வீடும் இல்லை. அந்த இரவு கணப்பின் அருகே படுத்துக்கொள்ள இடம் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினான்.

வாலிபர் அதை நம்பவில்லை. பையன் பொய் சொல்கிறான் என்றே நினைத்தார். ஆனாலும் அவனைத் துரத்திவிடவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று சூடான காப்பி கொடுத்தார். பிறகு, உன்னைப்போல் இன்னும் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். கணக்கில்லாமல் இருக்கிறார்கள் என்றான் சிறுவன். அப்படியானால் காட்டு என்றார் அவர்.

நள்ளிரவு தாண்டிய பிறகு இருவரும் புறப்பட்டார்கள். பழைய துணி விற்கும் சந்தையின் சந்துகளில் நடந்து, ஒரு மதிலைப் பிடித்து ஏறினார்கள். மேலே ஒரு கொட்டகையின் கூரை. அந்தக் கூரையின்மீது, திறந்த வானத்தின் கீழே, பதினொரு சிறுவர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போர்வை என்று ஒரு துண்டுத் துணியும் இல்லை.

அந்தக் காட்சி அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. அவர்தான் தாமஸ் ஜான் பர்னார்டோ. பிற்காலத்தில் டாக்டர் பர்னார்டோ என்று உலகம் முழுவதும் அறியப்பட்டவர். வழிகாட்டிய சிறுவனின் பெயர் ஜிம் ஜார்விஸ். இந்த இரவைப் பற்றி பர்னார்டோ தாமே பின்னாளில் பல முறை எழுதியும் பேசியும் இருக்கிறார்.

சீனாவுக்குப் புறப்பட்டவர்

பர்னார்டோ 1845-ஆம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜெர்மானிய தேசத்திலிருந்து வந்து குடியேறியவர். விலங்குகளின் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்தவர். வறுமை தெரியாத குடும்பம். பிள்ளை படிப்பில் பெயர் எடுக்கவில்லை. பதினாறு வயதில் ஒயின் வியாபாரி ஒருவரிடம் வேலை பழகச் சேர்ந்தார்.

1862-ல் அவருக்கு மதப்பற்று உண்டாயிற்று. டப்ளின் சேரிகளுக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சீனாவுக்குப் போய் வைத்தியமும் சமயத் தொண்டும் செய்யவேண்டும் என்ற ஆசை பிறந்தது. அதற்குப் பயிற்சி பெற 1866-ல் லண்டனுக்கு வந்தார்.

அந்த வருஷம் கிழக்கு லண்டனில் காலரா பரவியது. 5,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் பகுதியில் நோயாளிகளிடையே தொண்டு செய்த பர்னார்டோ இவற்றை எல்லாம் கண்ணாரக் கண்டார்.

அவர் ஒயிட்சாப்பல் பகுதியில் உள்ள லண்டன் ஆஸ்பத்திரியில் மாணவராகச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஸ்டெப்னி என்ற பேட்டையில், கழுதைகள் கட்டியிருந்த ஒரு கொட்டிலைச் சுத்தம் செய்து இரவுப் பள்ளி தொடங்கினார். சம்பளம் கிடையாது. கந்தலோடு வரலாம். ஆகையால் இத்தகைய பள்ளிகளுக்குக் கந்தல் பள்ளிகள் என்றே பெயர்.

குடிகாரர் கூட்டத்துக்குள்ளும் அவர் தைரியமாகப் போய்ப் பேசினார். ஒரு முறை சாராயக் கடையில் அடித்து மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்து தேறினார். மறுபடியும் அதே தெருக்களுக்குப் போனார்.

ஜிம் ஜார்விஸ் சொன்னது

தெருவில் அலையும் பிள்ளைகள் சோம்பேறிகள், திருடர்கள் என்பதே அக்காலத்தில் பலருடைய எண்ணம். ஜிம் சொன்ன கதை வேறு. அவனுடைய தாய் ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரியில் இறந்தாள். பிறகு படகுக்காரன் ஒருவனிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவன் குடிப்பான், அடிப்பான். பையன் ஓடிவிடாமல் இருக்க நாயை ஏவிவிடுவான். கடைசியில் ஜிம் தப்பி ஓடினான். கூரையில் குளிரில் படுப்பது படகில் இருப்பதைவிட மேல் என்று அவனுக்குத் தோன்றியது.

பிள்ளை ஏன் வீட்டைவிட்டு ஓடுகிறது என்று கேட்காதவர்களுக்கு இது தெரியாது. கேட்டவருக்குத் தெரிந்தது.

பர்னார்டோ இதைக் கூட்டங்களில் எடுத்துச் சொன்னார். கேட்டவர்களில் பலர் நம்பவில்லை. ஏழைகளுக்காகப் பாடுபட்ட ஷாப்ட்ஸ்பரி பிரபு ஒரு நாள் இரவு விருந்துக்குப் பிறகு, நேரில் காட்டும்படி கேட்டார் என்றும், மீன் சந்தையின் அருகே பெரிய தார்ப்பாயின் கீழே 73 சிறுவர்கள் சுருண்டு கிடந்ததைப் பார்த்து மனம் கலங்கினார் என்றும் பர்னார்டோவின் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

சீனாப் பயணம் நின்றது. 1870-ஆம் ஆண்டுக் கடைசியில் ஸ்டெப்னி காஸ்வே என்ற தெருவில் ஒரு வீட்டில் சிறுவர் விடுதி திறக்கப்பட்டது. முதலில் 25 பிள்ளைகளுக்கு இடம். பர்னார்டோ கண்டிப்பான ஒரு முடிவு செய்திருந்தார். கையில் பணம் இருக்கும் அளவுக்குத்தான் பிள்ளைகளைச் சேர்ப்பது, கடன் வாங்குவதில்லை என்பதே அது. நியாயமான முடிவுதான். எந்தக் குடும்பஸ்தரும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்த முடிவு ஓர் உயிரைப் பலி வாங்கியது.

சர்க்கரைப் பீப்பாய்

1871-ல் ஒரு நாள் இரவு. பர்னார்டோ வழக்கம்போல் லாந்தரை எடுத்துக்கொண்டு தெருக்களில் தேடப் போனார். விடுதியில் ஐந்து இடங்கள் காலியாக இருந்தன. வீடற்ற பிள்ளைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஐந்து பேரைப் பொறுக்கி எடுக்கவேண்டும்.

கூட்டத்தில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஜான் சோமர்ஸ். தலைமயிர் சிவப்பாக இருந்ததால் தோழர்கள் அவனைக் காரட் என்று அழைத்தார்கள். ஏழு வயதிலிருந்தே தெருவில் திரிந்து வயிறு வளர்த்தவன். பெற்ற தாய் உயிரோடு இருந்தாள். ஆனால் அவன் சம்பாதித்த காசைப் பறித்துக்கொள்ளத்தான் அவனைத் தேடி வருவாள்.

தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி காரட் வேண்டினான். இடம் நிரம்பிவிட்டது. ஒரு வாரம் பொறு, அடுத்த காலி இடம் உனக்குத்தான் என்று பர்னார்டோ வாக்களித்தார்.

ஒரு வாரம் ஆகவில்லை. ஆற்றங்கரைச் சந்தையில் ஒரு கூலியாள், சுவரோரம் கவிழ்ந்து கிடந்த பெரிய சர்க்கரைப் பீப்பாயைப் புரட்டினான். உள்ளே இரண்டு சிறுவர்கள் படுத்திருந்தார்கள். ஒருவன் எழுந்து ஓடினான். மற்றவன் அசையவில்லை. அவன்தான் காரட். மரண விசாரணை நடந்தது. பட்டினியும் குளிரும் பலவீனமுமே சாவுக்குக் காரணம் என்று முடிவாயிற்று.

பர்னார்டோ இடிந்துபோனார். அவர் செய்த தவறு என்ன? இரக்கம் இல்லாமல் போகவில்லை. வாக்குத் தவறவும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வறுமையில் இருந்தார்கள். ஆகையால் எல்லோரும் காத்திருக்கலாம் என்று நினைத்துவிட்டார். ஆனால் ஒரு பிள்ளைக்குக் காத்திருக்க நாள் இல்லை. வறுமை என்பது வேறு, இன்று இரவே உயிர் போகும் ஆபத்து என்பது வேறு. முன்னதற்கு அடுத்த வாரம் உதவலாம். பின்னதற்கு அடுத்த வாரம் என்பதே கிடையாது.

அன்றுமுதல் விடுதியின் விதி மாறியது. கதியற்ற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி வாசலில் மாட்டினார்கள். பணம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி ஆயிற்று.

முதலில் உள்ளே, பிறகு விசாரணை

1874-ல் இரவு முழுவதும் திறந்திருக்கும் ஒரு வீட்டை அவர் ஏற்படுத்தினார். கதவுக்குப் பூட்டு இல்லை. விளக்கு அணைவதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் பிள்ளைக்கு உணவும் படுக்கையும் கிடைக்கும். விசாரணை எல்லாம் பிறகுதான்.

இதற்காக விசாரணையே வேண்டாம் என்று அவர் விட்டுவிடவில்லை. வந்த பிள்ளையை டாக்டர் பார்ப்பார். குளிப்பாட்டி வேறு உடை கொடுப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். பிள்ளை சொன்ன கதை நிஜமா, உறவினர் உண்டா, அவர்கள் நல்லவர்களா என்று ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். வைத்துக் காப்பாற்றக்கூடிய சொந்தக்காரர் இருந்தால் பிள்ளையை அவர்களிடம் ஒப்படைப்பதும் உண்டு. ஆனால் இந்த விசாரணை நடக்கும் நாட்களில் பிள்ளை தெருவில் நிற்காது. அதுதான் வித்தியாசம்.

1872-ல் லைம்ஹவுஸ் பேட்டையில் எடின்பரோ காசில் என்ற பெயர்பெற்ற சாராய மாளிகையை 4,200 பவுனுக்கு வாங்கினார். சாராயம் போயிற்று, காப்பி வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கவும் பேசவும் இடமாயிற்று. வீட்டில் பிள்ளைக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் புட்டியிலிருந்து வருகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1873-ல் சைரி எல்ம்ஸ்லி என்ற பெண்மணியை மணந்தார். பார்க்கிங்சைடு என்ற கிராமத்தில் ஒரு வீடு கல்யாணப் பரிசாகக் கிடைத்தது. பெண் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். ஏறக்குறைய அறுபது பேரை ஒரே கட்டடத்தில் வைத்தார்கள். அது சரிப்படவில்லை. பெரிய பிள்ளைகளின் கெட்ட பழக்கம் சிறியவர்களைத் தொற்றிக்கொண்டது. காப்பாற்றுவதற்காகக் கட்டிய வீட்டுக்குள்ளேயே கெடுதல் நுழையலாம் என்று பர்னார்டோ கண்டுகொண்டார். ஆகையால் 1876-ல் சிறு சிறு வீடுகளாக ஒரு கிராமத்தையே அமைத்தார். வீட்டுக்கு ஒரு தாய். அவளுடைய பொறுப்பில் சில பெண் குழந்தைகள். ஒரே சமையல், ஒரே மேஜை. குடும்பம்போல் நடந்தது.

பழியும் விசாரணையும்

புகழ் வந்தது. கூடவே பகையும் வந்தது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார், தர்மப் பணத்தைத் தின்கிறார், பட்டம் பெறாமலே டாக்டர் என்று போட்டுக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். 1877-ல் மத்தியஸ்தர்கள் முன்னிலையில் பெரிய விசாரணை நடந்தது.

முக்கியமான குற்றச்சாட்டுகள் பொய் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் ஒரு விஷயத்தில் கண்டனம் கிடைத்தது. விடுதிக்கு வருமுன் இப்படி, வந்தபின் இப்படி என்று இரண்டு போட்டோக்களைச் சேர்த்து விற்பது அவர் வழக்கம். உதவி திரட்டவே அப்படிச் செய்தார். சில படங்களில் பிள்ளையின் கந்தலை இன்னும் கந்தலாக்கிக் காட்டியிருந்தார்கள். உண்மைத் துயரமே போதும், அதற்கு வேஷம் போடக்கூடாது என்பது அவர் கற்ற பாடம். டாக்டர் பட்டத்தைப் பொறுத்தவரை, 1876-லேயே எடின்பரோவில் பரீட்சை தேறி வைத்தியத் தகுதி பெற்றுவிட்டார்.

மூடிய கதவுக்குள்

தெருப்பிள்ளையின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். வீட்டுப்பிள்ளையின் ஆபத்து தெரியாது. கதவு சாத்தியிருக்கும். பிள்ளையைப் பெற்றவர் அடித்தால் அக்காலத்தில் பெரும்பாலும் யாரும் தலையிடுவதில்லை. ஆடு மாடுகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க இங்கிலாந்தில் 1822-லேயே சட்டம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு அப்படி ஒரு சட்டம் வர இன்னும் 67 வருஷம் ஆயிற்று.

1884-ல் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்க லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஷாப்ட்ஸ்பரி பிரபுவும், பெஞ்சமின் வா என்ற பாதிரியாரும், பர்னார்டோவும் அதைத் தொடங்கியவர்களில் சேர்ந்தவர்கள். பெஞ்சமின் வா ஓயாமல் பாடுபட்டார். 1889-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. பிள்ளையைக் கொடுமை செய்பவனைப் போலீசார் கைது செய்யலாம். வீட்டுக்குள் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் வாரண்டு பெற்று உள்ளே நுழையலாம். பிள்ளையைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

1886 முதல் பர்னார்டோ பிள்ளைகளைக் கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. பெண் டாக்டர்கள் போய்ப் பார்த்து வந்தார்கள். இதே காலத்தில் சர்க்கார் தரப்பில் இப்படி வளர்க்கக் கொடுத்த பிள்ளைகளைப் பார்வையிட்டவர் மிஸ் மேசன். 1885-ல் நியமனம் பெற்றவர். அவர் வளர்ப்புத் தாயின் பேச்சை மட்டும் கேட்டுத் திரும்புவதில்லை. பிள்ளையின் காலுறையைக் கழற்றச் சொல்வார். முகத்தையும் கையையும் யாரும் அவசரமாகக் கழுவிக் காட்டலாம். பாதம் பொய் சொல்லாது. அழுக்கும் புண்ணும் அங்கே இருக்கும். அடிபட்ட தழும்பு சட்டைக்குள் மறைந்திருக்கும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

அளவு மீறியது

பர்னார்டோவிடம் ஒரு குறை இருந்தது. பிள்ளைக்கு ஆபத்து என்று தாம் முடிவு செய்துவிட்டால் வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டார். பெற்றோர் சம்மதம் இல்லாமலே சில பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். நல்ல எண்ணத்தோடு செய்யும் கடத்தல் தவறல்ல என்று வெளிப்படையாகவே வாதாடினார்.

கோர்ட்டுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாயே ஒப்படைத்த ஒரு சிறுவனை, அவள் தன் மதத்தைச் சேர்ந்த விடுதிக்கு மாற்றக் கேட்டாள். பர்னார்டோ மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போயிற்று. 1891-ல் அவர் தோற்றார். அந்தப் பிள்ளைக்கு உயிராபத்து இல்லை. பிரச்னை மதத்தைப் பற்றியது. அங்கே தாயின் உரிமையே மேல் என்று தீர்ந்தது. அதே 1891-ல் வேறொரு சட்டமும் வந்தது. பிள்ளையைக் கைவிட்டுப்போன பெற்றோர் திரும்பி வந்து கேட்டால், அவர்கள் தகுதியற்றவர்கள் என்று தெரியும்போது கொடுக்க மறுக்கும் அதிகாரம் கோர்ட்டுக்குக் கிடைத்தது. முடிவு செய்வது தனி மனிதர் அல்ல, கோர்ட்டு என்பது நிலைபெற்றது.

1882 முதல் அவர் பிள்ளைகளைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார். அவர் காலத்துக்குப் பிறகும் அது நடந்தது. மொத்தம் சுமார் 30,000 பேர் போனார்கள். சிலருக்கு நல்ல வாழ்வு கிடைத்தது. பலர் பண்ணைகளில் கூலி இல்லாத வேலைக்காரர்களாக வாடினார்கள். அடி உதை பட்டவர்களும் உண்டு. அண்ணன் தங்கையைப் பிரிந்தான். அவ்வளவு தூரத்தில், பிள்ளையின் காலுறையைக் கழற்றிப் பார்க்க அடிக்கடி யார் போவது? பல ஸ்தாபனங்கள் இப்படிப் பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பின. இதற்காக 2010-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இறுதி நாட்கள்

பர்னார்டோவின் மகள் ஒருத்தி மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தவள். அவளை அவர் மிகவும் நேசித்தார். ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் நோயாளிப் பிள்ளைகளுக்கும் அவருடைய விடுதிகளில் இடம் உண்டு.

ஓய்வில்லாத உழைப்பு இருதயத்தைப் பாதித்தது. டாக்டர்கள் எச்சரித்தும் அவர் வேலையைக் குறைக்கவில்லை. 1905-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி தமது அறுபதாவது வயதில் காலமானார். அப்போது அவருடைய விடுதிகளில் ஏறக்குறைய 8,000 பிள்ளைகள் இருந்தார்கள். அவர் காலத்தில் கைதூக்கிவிடப்பட்டவர்கள் ஏறக்குறைய 60,000 பேர். கிழக்கு லண்டன் தெருக்களில் அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்க்க ஏழை ஜனங்கள் திரள் திரளாக நின்றார்கள். அவர் அமைத்த பெண் குழந்தைகளின் கிராமத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் பெயரால் அந்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது. பழைய பெரிய விடுதிகள் இப்போது இல்லை. பிள்ளை தன் வீட்டிலேயே பத்திரமாக வளர வழி உண்டா என்று பார்ப்பதும், வளர்ப்புக் குடும்பம் தேடித் தருவதும் முக்கிய வேலைகள் ஆகிவிட்டன.

ஜிம் ஜார்விஸை பர்னார்டோ முதலில் நம்பவில்லை. ஆனாலும் கூடப்போய்ப் பார்த்தார். பதினொரு பிள்ளைகளைக் கண்டார். காரட்டை நம்பினார். ஆனால் காத்திருக்கச் சொன்னார்; அவனை இழந்தார். அழும் பிள்ளை, வீட்டுக்குப் போகப் பயப்படும் பிள்ளை, இரவில் போக்கிடமில்லாமல் நிற்கும் பிள்ளை எந்த ஊரிலும் உண்டு. அதைப் பார்க்கிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான். இன்று இரவு இந்தக் குழந்தை எங்கே தூங்கும்?